முப்பத்து மூன்றரை டிகிரி

ஜூன் 10, செவ்வாய் காலை

நர்ஸம்மாவுக்கு,

இரண்டு வருஷமாக உங்களோடு பேசாத உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். ‘அண்ணி’ என்று ஆரம்பித்து இரண்டு முறை அடித்துவிட்டேன். அதற்குக் கோபித்துக்கொள்வதென்றால் அப்புறமாகக் கோபித்துக்கொள்ளுங்கள்.

என் ஃபோனை டாக்டர் வாங்கி வைத்துக்கொண்டார். ரத்த அழுத்தம் நூற்றெழுபதைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறது. யாரோடும் பேசக் கூடாது, எழுந்து நடக்கக் கூடாது, அழக் கூடாது என்று மூன்று உத்தரவு. முதல் இரண்டைக் கேட்கிறேன். வயிற்றில் இத்தனை தையலை வைத்துக்கொண்டு கேட்காமல் எங்கே போக? தாளும் பேனாவும் பக்கத்துக் கட்டில்காரி கொடுத்தது. அவள் பிள்ளை அவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு அழுது வார்டையே கூட்டுகிறான். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறேன்.

உங்கள் தம்பி நேற்றுச் சாயங்காலம் வந்தார். பாப்பா எப்படி இருக்கிறாள் என்றேன். “நல்லாருக்கா.” மூச்சு விடுகிறாளா என்றேன். “நல்லா விடுறா.” கண் திறந்தாளா என்றேன். “எல்லாம் நல்லாருக்கு.” உப்பில்லாத சாப்பாட்டையும் நல்லாருக்கு என்று சாப்பிட்டு எழுகிற மனிதர் அவர். ஆனால் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தார். நான் சொன்ன பிறகும் அதைத் திருப்பிப் போடத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அதற்கு மேல் அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் படுத்திருப்பது உங்கள் ஆஸ்பத்திரி. வந்து போகிறவர்கள் எல்லாம் உங்களோடு வேலை பார்க்கிறவர்கள். கேட்டால், டாக்டர் வந்து சொல்லுவார் என்கிறார்கள். தரை துடைக்கிற அம்மாதான் வாயைத் திறந்தார், நீங்கள் அவளைக் கொண்டுபோயிருக்கிற அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தையை மூன்று நாள் ஐஸில் வைப்பார்கள் என்று. ஐஸில் எதை வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். உயிர் போனதைத்தான் வைப்பார்கள்.

நான் அவளைப் பார்க்கவே இல்லை. திரைக்கு மேலே ஒரு கால் தெரிந்தது, அவ்வளவுதான். பிறகு நீங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள், உங்கள் முதுகு தெரிந்தது. அழுகைச் சத்தம் வருமென்று காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை.

உங்களிடம் ஏன் கேட்கிறேன் என்றால், போன தடவை ஐந்தாவது மாதத்தில் கலைந்தபோது இதே மாதிரி ஒரு கட்டிலில் நான் கிடந்தேன். எல்லோரும் போகட்டும் விடு என்றார்கள். நீங்கள் ஒருவர்தான் கட்டில் பக்கத்தில் நின்று, “பைக்ல போகாதேன்னு அன்னிக்கே சொன்னேன்ல” என்றீர்கள். அன்றைக்கு மூடிய வாய் இது. பொய்யாக ஒரு ஆறுதல்கூடச் சொல்லத் தெரியாத மனுஷி நீங்கள். இப்போது எனக்கு அந்த மனுஷிதான் வேண்டும்.

காலையில் பால் பிழிந்தெடுக்கச் சொன்னார்கள். ஒரு ஸ்பூன்கூடத் தேறவில்லை. அதைப் புட்டியில் ஊற்றி, ஐஸ் டப்பாவில் வைத்து, பதினோரு மணி பஸ்ஸில் உங்கள் தம்பி கொண்டுவருகிறார். புட்டிக்கு அடியில் இந்தக் கடிதம் இருக்கும். பால் பற்றிய குறிப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

அவள் உயிரோடு இருக்கிறாளா? இதை மட்டும் எழுதினால் போதும்.


ஜூன் 10, செவ்வாய் மாலை

தம்பி பெண்டாட்டிக்கு,

உயிரோடு இருக்கிறாள். மற்றதை மெதுவாகப் படி. தலை சுற்றினால் நிறுத்திவிட்டு அப்புறம் படி.

உனக்கு நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிட்டது. அது பிரிந்தால் குழந்தைக்குப் போகிற ரத்தமும் பிராணவாயுவும் நின்றுபோகும். நேற்றுக் காலை ஒன்பது பத்துக்கு வெளியே எடுத்தோம். அழவில்லை, அசையவில்லை, துணி மாதிரி இருந்தாள். இதயம் மட்டும் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷம் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தோம், பிறகு டாக்டர் குழாய் போட்டார். அந்தப் பத்து நிமிஷத்தை நான் எழுதப் போவதில்லை.

மூச்சு முட்டின மூளைக்கு இரண்டு அடி. முதல் அடி பிறக்கும்போதே விழுந்துவிடுகிறது, அதை யாராலும் மாற்ற முடியாது. இரண்டாவது அடி சில மணி நேரம் கழித்து விழும். கை நசுங்கினால் வீக்கம் பிறகு வருகிறதல்லவா, அப்படி. அந்த இரண்டாவது அடியைக் குறைக்கத்தான் குளிற்சி. ஐஸ் எல்லாம் இல்லை. தண்ணீர் ஓடுகிற ஒரு மெத்தையில் படுக்க வைத்து முப்பத்தேழில் இருக்க வேண்டிய உடம்புச் சூட்டை முப்பத்து மூன்றரை டிகிரிக்கு இறக்கி, மூன்று நாள் அங்கேயே நிறுத்துவார்கள். பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அதனால்தான் ஆபரேஷன் அறையிலேயே டாக்டர் குழந்தைக்குச் சூடு கொடுக்கிற ஹீட்டரை அணைக்கச் சொல்லிவிட்டார். வழியிலேயே தானாகக் குளிற்சி ஏறினால் நேரம் மிச்சம் ஆகும்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது மணி ஒன்று நாற்பது. அப்போது முப்பத்தெட்டில் இருந்தாள். மெத்தையில் போடக் கிட்டத்தட்ட இரண்டு மணி ஆகிவிட்டது, அங்கிருந்து முப்பத்து மூன்றரைக்கு வர ஒன்றரை மணி நேரம் பிடித்தது. நாளை மறுநாள் வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிவரை இப்படியே வைத்திருப்பார்கள்.

மூச்சு இயந்திரம் விடுகிறது. கண் திறக்கவில்லை. நேற்றுச் சாயங்காலத்தில் இருந்து வலிப்பு வருகிறது. பெரியவர்களுக்கு வருகிற மாதிரி தெரியாது. உதட்டைச் சப்புவாள், கால் சைக்கிள் மிதிப்பதுபோல் ஓடும். பார்க்கிறவர்கள் பசி என்று நினைப்பார்கள். மருந்து போட்டிருக்கிறார்கள்.

இங்கே அவள் பெயர் மூன்றாம் நம்பர். நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நான் தொடவில்லை, இங்கே இருக்கிற நர்ஸுகள் பார்த்துக்கொள்கிறார்கள்.

பாலை ஃப்ரீஸரில் வைத்துவிட்டார்கள். குறைவு என்று வருத்தப்படாதே, நாளைக்குக் கூடும். பிழிந்துகொண்டே இரு, நிறுத்தினால் நின்றுபோகும். உன் அழுத்தம் எவ்வளவு என்று அடுத்த கடிதத்தில் எழுது. உன் வார்த்தையாக எழுதாதே, அட்டையில் இருப்பதைப் பார்த்து எழுது.


ஜூன் 11, புதன் காலை

நர்ஸம்மாவுக்கு,

நூற்று ஐம்பத்தெட்டு. அட்டையைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். பதினோரு வருஷமாக அச்சகத்தில் பிழை திருத்தி வயிறு வளர்க்கிறவள், படித்தால் கை சும்மா இருக்காது. குளிர்ச்சிக்கு வல்லின ‘ற’ கிடையாது. இரண்டு இடத்தில் வட்டம் போட்டுவிட்டேன். போட்ட பிறகு அந்த வட்டத்தைப் பார்த்துப் பார்த்து அழுதேன். மூன்றாவது உத்தரவை மீறிவிட்டதாக உங்கள் டாக்டரிடம் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

பால் இன்று நான்கு ஸ்பூன். கூடவே ஒரு ஜோடி காலுறை வருகிறது. எட்டாவது மாதத்தில் நானே பின்னினேன், ஒன்று மற்றொன்றைவிடக் கொஞ்சம் நீளம். உடம்பு முழுக்கக் குளிரட்டும், சரி, பாதத்தை மட்டுமாவது மூடலாமா என்று கேட்டுப் பாருங்கள். என் கண்ணில் பட்டது அந்தக் கால் ஒன்றுதான். அது சில்லிட்டுக் கிடக்கிறது என்று நினைத்தால் என் காலும் சில்லிடுகிறது. பக்கத்துக் கட்டில்காரி இரண்டு போர்வை போர்த்திவிட்டாள்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். படித்துவிட்டு நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை வயிறு கல்லாக இறுகி ரத்தம் பட ஆரம்பித்ததும் காரில் கிளம்பினோம். உங்கள் ஆஸ்பத்திரி வீட்டில் இருந்து பத்து நிமிஷம். நான் பதிவு செய்திருந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஏன் அங்கே பதிவு செய்தேன் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் வாசல் வந்ததும் டிரைவர் தானாகவே வேகத்தைக் குறைத்தார். உங்கள் தம்பியும் என் முகத்தைப் பார்த்தார். “இங்க வேணாம், நேரா போங்க” என்றேன். உங்கள் முகத்தில் விழிக்கக் கூடாது என்கிற ஒரே வீம்பு. பாலம் ஏறும்போது சீட் முழுக்க நனைந்துவிட்டது. அப்புறம்தான் திருப்பினார்கள். பாலத்தில் லாரிகள் நின்றன.

போக வர எத்தனை நிமிஷம் ஆனது என்று உங்கள் தம்பியைக் கேட்டேன். “கொஞ்ச நேரம்தான்” என்றார். இருபத்தைந்து நிமிஷம் இருக்கும் என்று எனக்கே தெரிகிறது. நீங்கள் எழுதின முதல் அடி, யாராலும் மாற்ற முடியாத அடி, அதை நான்தான் அடித்தேன்.


ஜூன் 11, புதன் மாலை

தம்பி பெண்டாட்டிக்கு,

குளிர்ச்சி. சரியாக எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

பாலத்துக் கதை எனக்குத் திங்கட்கிழமையே தெரியும். நான் குழந்தையோடு ஆம்புலன்ஸில் ஏறப் போனபோது அந்த டிரைவர் சீட் உறையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். அவர்தான் சொன்னார். அந்த நிமிஷம் என் வாயில் என்ன வந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். வந்ததை விழுங்கிவிட்டேன். உன்னைத் திட்டுகிற யோக்கியதை இப்போது எனக்கு இல்லை. அதை விடு.

நீ பெற்றவள், உன்னிடம் மறைக்கக் கூடாது. தலையில் ஒயர்கள் ஒட்டியிருக்கிறார்கள், மூளை வேலை செய்வது திரையில் கோடாகத் தெரியும். செவ்வாய்க்கிழமை காலை அந்தக் கோடு கிட்டத்தட்டத் தட்டையாக இருந்தது. இன்று மதியத்தில் இருந்து சின்னச் சின்ன மேடு வருகிறது. நடுவில் மறுபடி தட்டையாகிறது. டாக்டர் பார்த்துவிட்டு நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. நான் இருபத்துமூன்று வருஷம் நர்ஸாக இருந்து இந்தக் கோட்டைப் படிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் இந்த இயந்திரம் கிடையாது.

காலுறை போடக் கூடாதாம். வெற்றுடம்பாகத்தான் இருக்க வேண்டும். தொட்டிலின் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒன்று நீளம் என்று எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். அதை வைத்தே அவளை இப்போது நெட்டைக்கால் என்று கூப்பிடுகிறார்கள். நம்பர் போய்ப் பெயர் வந்துவிட்டது.

ஒன்றாம் நம்பர் தொட்டில் இன்று காலை காலியானது. அதுவும் மூன்று நாள் குளிர்ச்சியில் இருந்த குழந்தைதான். அதன் அப்பா வெளியே வந்து, ஷூ எங்கே விட்டேன் என்று தேடிக்கொண்டே இருந்தார். காலில்தான் போட்டிருந்தார். உன் புருஷன்தான் போய்ச் சொன்னான்.

நாளை மதியம் இரண்டு மணிக்குச் சூடேற்ற ஆரம்பிப்பார்கள். ஒரு மணி நேரத்துக்குக் கால் டிகிரி. அவசரப்பட்டால் ரத்த அழுத்தம் விழும், நின்ற வலிப்பு திரும்ப வரும். இறக்குவதைவிட ஏற்றுவதற்குத்தான் இங்கே எல்லோரும் பயப்படுகிறார்கள்.


ஜூன் 12, வியாழன் காலை

அண்ணி,

இன்று அடிக்கவில்லை.

நூற்று நாற்பத்தாறு. பால் ஏழு ஸ்பூன். நீங்கள் திட்டாமல் விட்டது எனக்குப் பெரிய தண்டனையாக இருக்கிறது. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொஞ்சம் ஆறியிருப்பேன். அவள் பிழைத்து, வளர்ந்து, தனக்கு ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டால், உன் அத்தை முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் உன்னைப் பாலம் வரைக்கும் கொண்டுபோனேன் என்று சொல்லப்போகிறேன். கேட்கிற அளவுக்கு அவள் வளர்ந்தால் போதும். யோசித்தால் எல்லா வழியும் அங்கேயே போய் முட்டுகிறது, எல்லாம் நான் செய்தது.

ஒரு சந்தேகம். ஒருவேளை அர்த்தமில்லாததாக இருக்கலாம். உங்கள் முதல் கடிதத்தை எழுத்து எழுத்தாக மறுபடி படித்தேன். ஆபரேஷன் அறையிலேயே ஹீட்டரை அணைக்கச் சொல்லிவிட்டார், வழியிலேயே தானாகக் குளிர்ச்சி ஏறும் என்று ஒரு பத்தி. அடுத்த பத்தியில், வந்து சேர்ந்தபோது முப்பத்தெட்டில் இருந்தாள். இரண்டும் ஒட்டவில்லை. கைப்பிரதியில் இப்படி வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு அனுப்புவேன். ஹீட்டர் இல்லாத குழந்தை நாலரை மணி நேரத்தில் எப்படி முப்பத்தெட்டுக்குப் போகும்? காய்ச்சலா? என்னிடம் இருந்து ஏதாவது கிருமி போய்விட்டதா? அதையும் நான்தான் கொடுத்தேனா என்று பயமாக இருக்கிறது. மறைக்காமல் எழுதுங்கள்.

இரண்டு மணிக்கு ஆரம்பிப்பார்கள் என்றீர்கள். நான் படுத்திருக்கிற இடத்தில் இருந்து வராந்தாவில் மாட்டியிருக்கிற கடிகாரம் பாதிதான் தெரியும். அந்தப் பாதியைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.


ஜூன் 13, வெள்ளி காலை

அண்ணி,

நேற்று டப்பாவில் கடிதம் இல்லை. உங்கள் தம்பி ஏழு மணிக்கு வந்தார், முகம் கழுவிவிட்டு வந்திருந்தார். அக்கா எழுதவில்லையா என்றேன். “நேரமில்லையாம், எல்லாம் நல்லாருக்கு” என்றார். டப்பாவைக் கழுவுகிற சாக்கில் குழாயடிக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை.

நூற்றறுபத்தெட்டு. எழுதுங்கள். ஒரே ஒரு வார்த்தையானாலும் சரி. உங்கள் எழுத்து இல்லாமல் டப்பா வந்தால் எனக்கு வேறு என்னென்னவோ தோன்றுகிறது.


ஜூன் 13, வெள்ளி மாலை

தம்பி பெண்டாட்டிக்கு,

இருக்கிறாள். முப்பத்தாறரைக்கு வந்துவிட்டாள்.

நேற்று முப்பத்து நான்கைத் தொடும்போது வலிப்பு திரும்பியது. சூடேற்றுவதை இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்து, மருந்தைக் கூட்டி, மறுபடி ஆரம்பித்தார்கள். காலையில் இருந்து வலிப்பு இல்லை. கோட்டில் மேடுகள் கூடியிருக்கின்றன. இது நடந்துகொண்டிருந்தபோதுதான் உன் புருஷன் பஸ் ஏறினான், அவனைத் திட்டாதே.

நான் எழுதாததற்கு அது காரணம் இல்லை. உன் கேள்விக்குப் பதில் எழுதக் கை வரவில்லை.

காய்ச்சல் இல்லை. உன்னிடம் இருந்து எதுவும் போகவில்லை. ஹீட்டரைப் போட்டது நான்.

இருபத்துமூன்று வருஷமாகக் கையில் விழுகிற குழந்தையைத் துடைத்து, சுற்றி, சூடு காட்டி எடுத்துக் கொடுத்தவள். எத்தனை ஆயிரம் குழந்தை என்று கணக்கு இல்லை. சில்லென்று ஒரு குழந்தை தட்டுப்பட்டால் என் கை என்னைக் கேட்காது. அன்றைக்கு ஆம்புலன்ஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு அவள் வயிற்றைத் தொட்டேன். ஐஸாக இருந்தது. டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். ஏறும்போது டிரைவருக்கே விளக்கிச் சொன்னவள் நான். ஆனாலும் சுவிட்சைப் போட்டிருக்கிறேன். எப்போது போட்டேன் என்று இப்போதும் நினைவில்லை. இங்கே வந்து கதவைத் திறக்கிற நேரத்தில்தான் பெட்டியில் விளக்கு எரிவதைப் பார்த்தேன்.

அது தப்பு. கை செய்த தப்பு. அடுத்து நான் செய்தது கை செய்ததில்லை. சட்டென்று சுவிட்சை அணைத்துவிட்டு, “ஹீட்டர் போட்டுக் கொண்டுவந்தீங்களா?” என்று இங்கே டாக்டர் கேட்டபோது, “இல்ல டாக்டர், அணைச்சுதான் கொண்டுவந்தோம்” என்றேன். பொய் சொல்லத் தெரியாத மனுஷி என்று எழுதியிருந்தாயே, அந்த மனுஷி.

வந்து இறங்கும்போதே முப்பத்து நான்கில் இருந்திருக்க வேண்டியவள். முப்பத்து மூன்றரையைத் தொட்டபோது பிறந்து ஆறேகால் மணி நேரம் ஆகியிருந்தது. ஒன்றரை மணி நேரத்தை நான் தின்றுவிட்டேன். நீ உன் இருபத்தைந்து நிமிஷத்தை எழுதினாய். நான் அதைப் படித்துவிட்டு, பாதி பாரம் என்னுடையது என்று தெரிந்தும், முழுவதையும் நீயே சுமக்கட்டும் என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை டாக்டரிடம் சொல்லி, எழுதியும் கொடுத்துவிட்டேன். எங்கள் ஆஸ்பத்திரிக்கும் ஒரு நகல் போகும். எதனால் எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றார் அவர். அது ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை. உன் புருஷனிடமும் சொன்னேன். அவன் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அன்றைக்கு அவள் வயிற்றைத் தொட்டதோடு சரி. அதற்குப் பிறகு என் கையை அவள் பக்கம் கொண்டுபோக எனக்குப் பயம். நீ சொன்னால் ஸ்டூலைவிட்டு எழுந்து போய்விடுகிறேன். உன் தங்கையை வரச் சொல்.


ஜூன் 14, சனி காலை

உங்கள் கடிதத்தைப் படித்துக் கிழித்துப் போட்டேன். பக்கத்துக் கட்டில்காரி பொறுக்கிக் கொடுத்தாள். காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். எதற்கு ஒட்டினேன் என்று கேட்காதீர்கள்.

நூற்று எண்பது. ராத்திரி ஊசி போட்டார்கள்.

உங்கள்மேல் எனக்கு வந்திருக்கிற கோபத்தை எழுதினால் இந்தத் தாள் போதாது. ஹீட்டருக்காகக்கூட இல்லை. வாசலில் நின்று பொய் சொன்னீர்களே, அதற்காகக்கூட முழுசாக இல்லை. நான் புதன்கிழமை என் நெஞ்சைப் பிளந்து எழுதி அனுப்பினேன். அதைப் படித்துவிட்டு, குளிர்ச்சி, சரியாக எழுதியிருக்கிறேன் பார் என்று எப்படி அண்ணி உங்களால் எழுத முடிந்தது?

மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன், அது பொய். எனக்கு என்னையே மன்னிக்க முடியவில்லை, உங்களை எங்கே போய் மன்னிக்க? அது எப்போது வருமோ அப்போது வரட்டும், வராமலும் போகட்டும்.

ஆனால் எழுந்து போவதென்ற பேச்சு வேண்டாம். தப்பு செய்த கையோடு எழுந்து போய்விடுவது உங்களுக்குச் சுலபம். என்னால் இந்தக் கட்டிலைவிட்டு எங்கே எழுந்து போக முடியும்? என் தங்கை வந்தால் அந்தத் திரையைப் பார்த்து மயங்கி விழுவாள், அவளுக்கு ஒரு கட்டில் தேட வேண்டும்.

பிறந்து ஐந்து நாள் ஆகிறது. ரப்பர் உறை போட்ட கைகளைத் தவிர அவள்மேல் வேறு கை படவில்லை. நான் அங்கே இருந்தால் தொட்டுக்கொண்டே இருப்பேன். உங்கள் கைமேல் கோபம் எனக்குத்தான். அவளுக்கு அது அத்தை கை, வேறொன்றும் தெரியாது. கழுவிக்கொண்டு போய் அவளைத் தொடுங்கள். தொட்டுவிட்டு, என்ன நடந்தது என்று எழுதுங்கள். ஒரு எழுத்து மறைத்தாலும் கண்டுபிடித்துவிடுவேன்.


ஜூன் 16, திங்கள் மாலை

தம்பி பெண்டாட்டிக்கு,

சனிக்கிழமை மதியம் தொட்டேன். உள்ளங்கையில் விரலை வைத்தேன். பிடிக்கவில்லை. ஒரு மணி நேரம் வைத்திருந்தேன், அப்போதும் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்தபோது இரண்டு விரல் மடங்கியது. இடது கை. வலது கை இன்னும் மடங்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன்.

நேற்று மூச்சுக் குழாயை எடுத்தார்கள். நான்கு பேர் சுற்றி நின்றோம். முதல் மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இருந்த நேரத்தில் நான் உன் புருஷன் கையை நகம் பதியப் பிடித்துவிட்டேன், வந்தால் காட்டுவான். அப்புறம் விட ஆரம்பித்தாள். தானாகத்தான் விடுகிறாள். சாயங்காலம் அழுதாள். குழாய் இருந்த தொண்டை, கீச்சென்று ஒரு சத்தம்தான் வந்தது. அழுகை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய், இருந்தாலும் அது அழுகைதான்.

உன் பாலை மூக்குவழிக் குழாயில் ஐந்து ஐந்து மில்லியாகக் கொடுக்கிறார்கள். வயிறு ஏற்றுக்கொண்டது. ஆனால் வாயில் விரலை வைத்தால் சும்மா இருக்கிறாள். சப்பத் தெரியவில்லை. குழந்தை சப்பினால் பாதிப் பயம் போகும் என்று டாக்டர் சொன்னார். இன்று மூன்று முறை முயற்சி செய்தார்கள். நாக்கு அசையவே இல்லை.

தலையை இன்று படம் எடுத்தார்கள். நாளை பதினோரு மணிக்கு அம்மா அப்பா இரண்டு பேரிடமும் பேச வேண்டுமாம். என்னிடம் சொல்ல மாட்டேன் என்றார் டாக்டர். நர்ஸ் என்று சொல்லிப் பார்த்தேன். “இங்க நீங்க அத்தை மட்டும்தான்” என்றார்.

உனக்கு நூற்று முப்பதுக்கு வந்துவிட்டது, நாளை அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். காரில் முன்சீட்டில் உட்காராதே, தையல் இழுக்கும்.


ஜூன் 17, செவ்வாய், பதினொன்றே முக்கால்

அண்ணி,

உங்கள் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் சீட்டின் ஓரத்தில் எழுதுகிறேன். உள்ளே போகிற நர்ஸ் கொண்டுவந்து கொடுப்பார்.

டாக்டர் அறைக்கு உங்கள் தம்பி மட்டும் போனார். எனக்குக் கால் வரவில்லை. வெளியே வந்ததும், நல்லாருக்காளா என்று நானே கேட்டேன். அவர் அதைச் சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, “ஒரு பக்கம் சின்னதா ஒரு நிழல் தெரியுதாம். வலது கை, வலது கால் எப்படி வரும்னு இப்பவே சொல்ல முடியாதாம். நடக்கலாம், லேட்டா நடக்கலாம், வளர வளரத்தான் தெரியுமாம்” என்று ஒரே மூச்சில் சொன்னார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் இவ்வளவு நீளமாக உண்மை பேசியது இதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அவர் அழுதார், நான் அழவில்லை.

எட்டு நாளாக அவளைப் பார்க்க வேண்டும், பார்க்க வேண்டும் என்று துடித்தேன். இப்போது எழுந்திருக்க முடியவில்லை. இந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறவரைக்கும் அவள் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். உள்ளே வந்துவிட்டால் ஒரே ஒரு மாதிரிதான் இருப்பாள். அவள் என்னைப் பார்த்து ஒன்றுமே செய்யாமல் கிடந்தால் நான் என்ன செய்வேன்? அவளைத் தூக்கத் தெரியுமா எனக்கு? நான் தூக்கி ஏதாவது ஆகிவிட்டால்? எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி. என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.


அதே சீட்டின் பின்பக்கம்

வாசலிலேயே குழாய் இருக்கிறது. முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவு. வளையலைக் கழற்றிப் புருஷனிடம் கொடு. காலை ஆறு மணிக்கு என் விரலைச் சப்பினாள். நான்கு முறை சப்பி, களைத்து, தூங்கி, மறுபடி சப்பினாள். இப்போது விரலில் ஒன்றும் வரவில்லை என்று கண்டுபிடித்துவிட்டாள், துப்பிவிட்டு அழுகிறாள். தூக்கி வைத்துக்கொண்டு ஒரு கையால்தான் எழுதுகிறேன். கை வலிக்கிறது. சீக்கிரம் வந்து வாங்கிக்கொள்.